அழிக்கும் உரிமை

திருப்பதி,
8-2-2004

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை யமுனா எழுதுகிறேன். ஊரில் அம்மா சுகம். முழங்கால் வலி மட்டும் பனி போன பிறகும் போகவில்லை. நான் இங்கே ஹாஸ்டல் சாம்பாரைச் சாப்பிட்டும் உயிரோடு இருக்கிறேன். குவைத்தில் உன் உடம்பு எப்படி? வெள்ளிக்கிழமையாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

கடிதம் எதற்கு, ஈமெயிலில் நாலு வரி போதாதா என்று கேட்டிருந்தாய். எனக்குப் போதும், அம்மாவுக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமை கங்காதர நெல்லூர் பஸ் பிடித்துப் போய் நான் படித்துக் காட்டினால்தான் நீ நேரில் பேசியது போல அவளுக்கு. படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கித் தடவிப் பார்ப்பாள். நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் சென்டரில் திரையைத் தடவினால் முதலாளி பச்சையப்பன் சார் திட்டுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். வளைகுடாவுக்குப் போனவர்களும் அவர்கள் வீட்டாரும் பேசிக்கொள்ள நான் தொடங்கிய ‘கடல் தாண்டியவர்கள்’ இணைய மன்றத்தில் இப்போது நூற்று நாற்பது பேர். ஒரு வெளிநாட்டுக்காரன் ஓசியில் கொடுத்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இந்த மாடு முட்டுகிறது. நாலு மாதமாகப் புருஷனிடமிருந்து சேதி இல்லை என்று ஒரு பெண் எழுதினால், அதன் கீழேயே ‘உடனடி விசா’ என்று விளம்பரம் மின்னுகிறது.

சொந்தமாக ஒரு மன்ற மென்பொருள் வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று காசு கொடுத்து உரிமம் வாங்குவது. ஒரு பெயர், ஒரு தளம். மற்றது இலவசம், யார் வேண்டுமானாலும் நிறுவலாம், உள்ளே திருத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். எனக்கு இரண்டாவதில் ஆசை. உன்னைக் கேட்காமல் தொட மாட்டேன். மண்டல ஆபீஸின் தெலுங்குக் காகிதம் வந்தால் தெருவுக்கே நீதானே தமிழில் படித்துச் சொல்வாய்? நீ பேனாவைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்த பிறகுதான் கமலம்மா அத்தை கையெழுத்தே போடுவாள். அதே மாதிரி இதையும் படித்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
யமுனா


குவைத்,
2-3-2004

அன்புத் தங்கைக்கு,

பவன்குமார் எழுதுவது. அம்மா, நீ, அத்தை எல்லாரும் சுகமாக இருக்க வேங்கடவன் அருள் உண்டு. நான் நலம். இங்கே வெயில் இன்னும் தொடங்கவில்லை. அம்மாவிடம் சொல்: சைட்டிலிருந்து என்னை ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். ஏசி அறை, தனி மேஜை. தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்து, கொஞ்சம் அரபியும் வாசிக்கிறவன் இந்தக் கம்பெனியில் நான் ஒருவன்தான். எல்லையில் பிறந்ததற்கு இதாவது பலன்.

இலவச மென்பொருள் வேண்டாம் யமுனா. நாளைக்கு ஒரு கோளாறு வந்தால் யாரைப் போய்க் கேட்பாய்? பத்துப் பேர் கை வைத்தது ஒருவருக்கும் சொந்தமில்லை. காசு கொடுத்தால் ஒரு கம்பெனி பதில் சொல்லும். உரிமத்தை என் பெயரில் நானே வாங்கிவிடுகிறேன், உனக்குச் செலவில்லை. நிறுவுவதையும் இங்கிருந்தே செய்துவிடுகிறேன். தலைமை நிர்வாகியாக நான் இருப்பேன், நீ எனக்கு அடுத்து. ராஜாங்கம் உன்னுடையது, சாவி மட்டும் என்னிடம்.

அம்மாவை வெயிலில் அலையவிடாதே.
அண்ணன்,
பவன்


திருப்பதி,
28-3-2004

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உன் நலம் வேண்டுகிறேன். ஏசி அறை என்று படித்ததும் அம்மா அழுதுவிட்டாள். பிறகு கமலம்மா அத்தையிடம் போய், “எம்புள்ள ஆபீஸ்ல குந்திக்கினு வேலை செய்றான்” என்று மூன்று தரம் சொன்னாளாம். அத்தை நான்காவது தரம் என்னிடம் சொன்னாள்.

மன்றம் புது வீட்டுக்கு வந்துவிட்டது. பார்க்க லட்சணமாக இருக்கிறது, விளம்பரமும் இல்லை. ஒரே தொல்லை, தமிழில் எழுதினால் வரிக்கு வரி கேள்விக்குறியாக வருகிறது, தெலுங்கும் அப்படியே. நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படித்தது தெலுங்கு. இரண்டு எழுத்தும் திரையில் தெரிந்தால்தான் மன்றம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால்தான் பதில் சொல்வோம் என்றார்கள். நீ ஒரு வரி எழுதிப்போடு. அதுவரை எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி என் கண்ணைக் கெடுக்கிறார்கள்.

புது வீட்டுக்கு ஒரு விதி வைத்தேன். எழுதுகிறவர் சொந்தப் பெயரும் ஊரும் போட வேண்டும். புனைபெயரில் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? முதலில் பயந்தார்கள். இப்போது வரதய்யபாளையத்து ரங்கன் என்பவர் தைரியமாக எழுதியிருக்கிறார். சித்தூர் ஏஜென்ட் காட்டிய ஒப்பந்தத்தில் எலக்ட்ரீசியன் வேலை, எட்டு மணி நேரம். குவைத்தில் இறங்கியதும் அரபியில் இன்னொரு ஒப்பந்தம். அதில் கழிவறை துப்புரவு, பன்னிரண்டு மணி நேரம், மூன்று வருஷத்துக்கு பாஸ்போர்ட் கம்பெனியிடம். படித்துச் சொன்ன ஆள் இரண்டும் ஒன்றே என்றானாம். ரங்கனும் கூட வந்தவர்களும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கம்பெனி பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். உன் கம்பெனிதான். நீ ஆபீசில் இருக்கிறாய், யார் இந்த வேலை செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல். என் அறைத்தோழி யசோதாவின் புருஷன் கோவர்த்தனன் அதே ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறார். ஆகஸ்டில் கிளம்புகிறார். நிச்சயமாகத் தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
யமுனா


குவைத்,
30-5-2004

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். நலம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். ஊருக்கு வரும் ஒருவர் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து கொடுப்பார். காலையும் மாலையும் தடவச் சொல்.

கேள்விக்குறி விஷயமாகக் கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் சரியாகும் என்கிறார்கள். பொறுத்துக்கொள்.

மன்றத்தில் கம்பெனி பெயர், ஏஜென்ட் பெயர் எல்லாம் வருவது நல்லதல்ல. கேஸ் போட்டால் உன்மேல்தான் போடுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே. சமையல், பண்டிகை, ஊர்ச் செய்தி என்று பேச எவ்வளவோ இருக்கிறதே.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.
பவன்


திருப்பதி,
20-6-2004

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தைலம் வந்தது. அம்மா அதை முழங்காலில் தடவாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது இன்னொன்று. யார் அந்த ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ரங்கனின் இழை, அவர் எழுதியதும் அதன் கீழே மற்றவர்கள் எழுதியதும், முழுவதும் காணாமல் போய்விட்டது. அதற்குள் முப்பத்தொரு பேர் சாட்சி எழுதியிருந்தார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இடம் வழித்துவிட்டது போல இருக்கிறது. நிர்வாகிகள் செய்வதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தானாகப் பதியும் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணி பத்து நிமிஷம், அழித்தவர்: பவன்குமார்.

கை தவறிப் பட்டிருக்கலாம். அப்படியானால் ஒரு வரி எழுது, போதும். நான் நம்புகிறேன்.

யமுனா


திருப்பதி,
11-7-2004

அண்ணனுக்கு,

மூன்று வாரம் காத்திருந்தேன். நலமாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொள்கிறேன்.

சும்மா இருக்க முடியாமல் நம் மென்பொருளின் உரிமத்தை உட்கார்ந்து படித்தேன். பதினொரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் அகராதி. நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வருமே, அதை நீ படிக்காமலே அழுத்தியிருப்பாய். உலகமே அப்படித்தான் அழுத்துகிறது. அதில் சொல்லியிருப்பது இதுதான்: தளத்தை நடத்தும் உரிமை உனக்கு மட்டும். நீ எழுதிக் கொடுக்காமல் அது என் பெயருக்கு மாறாது. நீ வேண்டாமென்றால் நான் மூட வேண்டும். கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், படிக்காதது நான்.

ஆனால் அந்தப் பதினொரு பக்கத்தில் எங்கேயும் ரங்கன் எழுதியது உனக்குச் சொந்தம் என்று இல்லை. இரண்டு தரம் தேடினேன்.

ஆகவே மன்றத்தை இலவச மென்பொருளுக்கு மாற்றுகிறேன். அதன் உரிமத்தையும் முழுதாகப் படித்துவிட்டேன். எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்து, திருத்து, பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையை அவர்களுக்கும் கொடு. இவ்வளவுதான் சாரம். ஒரு கோப்பைத் திருத்தினேன், தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வரியில் முத்துமுத்தாக வந்தன. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் மன்றம் முழுவதையும் சிடியில் நகல் எடுப்பது என் வழக்கம். அழிந்த இழை அதில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் புது மென்பொருளுக்கு அது தானாக மாறிக்கொள்ளவில்லை. முப்பத்தொன்றையும் நானும் யசோதாவும் மாறி மாறித் தட்டுகிறோம். எழுதியவர்களிடம் கேட்டுத் தமிழிலும் தெலுங்கிலும் ஏற்றுகிறோம். ஆகஸ்ட் முதல் தேதி திறக்கிறேன். கோவர்த்தனனின் விமானம் பன்னிரண்டாம் தேதி. சித்தூர் ஏஜென்ட் அட்வான்ஸ் வாங்கிவிட்டான் என்பதால் அவர் போயே தீருவேன் என்கிறார். அவர் கேட்பது ஒரே கேள்விதான், “படிச்சுக் காட்டினவன் யாரு, பேரு சொல்லு, நம்பறேன்.”

யமுனா


குவைத்,
19-7-2004

யமுனா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படிக்காதே.

உரிமம் என் பெயரில் இருக்கிறது. நான் ஒரு வரி எழுதினால் தளத்தை மூடிவிடுவார்கள். புது மென்பொருளில் திறந்தாலும் விட மாட்டேன். உனக்கு இங்கே உள்ள நிலைமை தெரியாது. நான் மேஜைக்கு வந்து சேர்வதற்கு முன் ஒன்றரை வருஷம் என்ன செய்தேன் என்று நான் உங்களுக்கு எழுதியதில்லை. சைட் என்று எழுதினேன். எந்த சைட்டிலும் நான் இல்லை. ரங்கன் இப்போது எங்கே நிற்கிறானோ அங்கேதான் நின்றேன்.

இழையை ஏற்றாதே. ஒருவனுக்காகச் சொந்த அண்ணன் வயிற்றில் அடிப்பாயா? கோவர்த்தனன் போனால் போகட்டும். அவனுக்கும் ஒருநாள் மேஜை கிடைக்கும்.

பவன்


திருப்பதி,
27-7-2004

அண்ணா,

சுகமா என்று கேட்க வரவில்லை. சுகமில்லை என்று தெரிந்துவிட்டது.

ரங்கனிடம் முதலிலேயே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்க பயந்தேன். போன வாரம் கேட்டேன். படித்துக் காட்டிய ஆள் எப்படிப் பேசினான் என்று. அவர் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: “நம்ம பேச்சுதான் பேசனாரு. மொதல்ல டீ வாங்கிக் குடுத்தாரு. தமிழ்ல ஒரு தபா, தெலுங்குல ஒரு தபா படிச்சாரு. ‘ரெண்டும் ஒண்ணுதான் நைனா’ன்னு சொல்லிக்கினு, பேனாவக் கண்ணுல ஒத்திக் குடுத்தாரு. அதுக்கப்பறம் எப்படி நம்பாம இருக்கறது?”

இதைத் தட்டும்போது பக்கத்தில் யசோதா இருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. நீ கழிவறை கழுவியதை எங்களிடம் மறைத்ததற்கும் கோபம், இன்னொருவனைக் கழுவ வைத்ததற்கும் கோபம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் போன கடிதத்தைப் படித்துக் காட்டாமல் அம்மா என்னை விடவில்லை. ஊர் விலாசத்துக்கு வந்ததால் தபால்காரர் உறையை அவளிடம்தான் கொடுத்தார். “இன்னா எழுதிக்கீறான், படி” என்று முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் படித்தேன். சுகமாக இருக்கிறேன், முழங்கால் எப்படி இருக்கிறது, தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்றெல்லாம் காகிதத்தில் இல்லாததைத் தங்குதடையின்றிப் படித்தேன். அவள் காகிதத்தை வாங்கி, தீபாவளி என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றாள். ஏதோ ஒரு வரியைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். எவ்வளவு சுலபம் அண்ணா. நீயும் முதல் தரம் இப்படித்தான் செய்திருப்பாய். நானும் அதே வீட்டில் பிறந்தவள்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இனி ஒருபோதும் அப்படிப் படிக்க மாட்டேன்.

மன்றம் ஞாயிற்றுக்கிழமை திறக்கும். பழைய தளத்தை நானே மூடிவிட்டேன், நீ யாருக்கும் எழுத வேண்டாம். புது மென்பொருளை நீ நிறுத்தவும் முடியாது. சிடியில் நகல் எடுத்து குப்பத்தில் ஒருவருக்கும் சத்தியவேட்டில் ஒருவருக்கும் கொடுத்துவிட்டேன். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. என்னை மிரட்டி மூடினால் அவர்கள் திறப்பார்கள்.

முப்பத்தொரு சாட்சியும் ஏறும். அதில் உன் பெயர் இல்லை. நான் எழுத மாட்டேன், அது நான் எழுத வேண்டியது அல்ல. எழுதுகிறவர் சொந்தப் பெயரும் ஊரும் போட வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாம் தேதிக்குப் பதினாறு நாள் இருக்கிறது.

யமுனா


குவைத்,
10-8-2004

அன்புத் தங்கை யமுனாவுக்கு,

பவன் எழுதுவது. உடம்பு நலம். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீ மன்றத்தில் பார்த்திருப்பாய். ஆனாலும் அம்மாவுக்குக் காகிதம் வேண்டுமே.

நேற்று பகல் இங்குள்ள ஒரு நெட் கடையில் உட்கார்ந்து உன் மன்றத்தில் சேர்ந்தேன். பெயர்: பவன்குமார், செல்லியம்மாவின் மகன். ஊர்: கங்காதர நெல்லூர். பதிவு செய்யும்போது விதிகளைக் காட்டி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று கேட்டது. முதல் முறையாக முழுவதையும் படித்துவிட்டு அழுத்தினேன். உன் தெலுங்கில் இரண்டு தப்பு இருக்கிறது.

ரங்கனின் சாட்சிக்குக் கீழே முப்பத்திரண்டாவதாக எழுதினேன். சித்தூர் ஒப்பந்தம் ஒரு பக்கம், அரபி ஒப்பந்தம் ஒரு பக்கம். ஒவ்வொரு வரிக்கும் தமிழ், ஒவ்வொரு வரிக்கும் தெலுங்கு. நான் எங்கே நிறுத்தி, எந்த வரியைத் தாண்டி, எதை மாற்றிப் படித்தேன் என்பதையும் எழுதினேன். எத்தனை பேருக்கு என்று கணக்கு வைக்கவில்லை. ஞாபகம் இருக்கிற நாற்பத்தாறு பேரின் ஊரைப் போட்டிருக்கிறேன். பேனாவைக் கண்ணில் ஒற்றியதையும் எழுதினேன். அதை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

மாலையே ஆபீசில் தெரிந்துவிட்டது. மேஜை போய்விட்டது. பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. தூதரகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். என் பதிவைப் படித்த நான்கு பேர் தொழிலாளர் முகாமிலிருந்து வந்து கூட நின்றார்கள். ஒருவன் என்னை அடித்தான், பிறகு அவனே மனுவில் கையெழுத்துப் போட்டான். எப்போது அனுப்புவார்கள் என்று தெரியாது.

இரண்டு வேண்டுகோள். எனக்குத் தைரியம் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்கே தெரியாது. யாராவது நாலு வார்த்தை நயமாகப் பேசினால் நாளைக்கே அந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லி உனக்கு எழுதுவேன். நான் எழுதினாலும் அழிக்காதே. அழிக்கும் உரிமை எனக்கு எந்த வழியிலும் இல்லாதபடி பூட்டிவிடு.

மற்றது, இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு உள்ளது உள்ளபடி படி. தீபாவளிக்கு வருவேன் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை.

அண்ணன்,
பவன்


திருப்பதி,
29-8-2004

அன்புள்ள அண்ணனுக்கு,

யமுனா எழுதுகிறேன். நான் நலம். உன் நலம் அறிய ஆவலாக இருக்கிறேன். இம்முறை நிஜமாகவே கேட்கிறேன், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?

கோவர்த்தனன் போகவில்லை. சென்னை விமான நிலையத்துக்கு வண்டி ஏற வேண்டிய நாளில் சென்டருக்கு வந்தார். உன் பதிவைத் தெலுங்கில் ஒருமுறை படித்தார், யசோதாவைத் தமிழில் படிக்கச் சொல்லி ஒருமுறை கேட்டார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஏஜென்டிடம் போய் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கூட இன்னும் ஏழு பேர். பூட்டச் சொன்னதைப் பூட்டிவிட்டேன். உன் முப்பத்திரண்டாவதை இனி நீயும் அழிக்க முடியாது, நானும் அழிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் படித்தேன். ஒரு வரி விடவில்லை. கமலம்மா அத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டாள், எழுந்து போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னை ஒருவன் அடித்தான் என்ற இடத்தில் நிறுத்தினேன். “நிறுத்தாம படி” என்றாள் அம்மா. முடித்ததும் காகிதத்தை வாங்கி, வழக்கம்போலத் தடவாமல், மடித்து என் கையிலேயே கொடுத்தாள். அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். மண்டல ஆபீசிலிருந்து அவளுடைய பட்டா விஷயமாகத் தெலுங்கில் ஒரு காகிதம் வந்து இரண்டு மாதமாகக் கிடக்கிறதாம். உனக்காக வைத்திருந்தாளாம். இப்போது யாரிடம் கொடுப்பது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவன் வரட்டும். அவனே படிக்கட்டும். அவன் படிச்சதுக்கப்பறம் யமுனாவும் ஒரு தபா படிக்கட்டும்.”

உன் தங்கை,
யமுனா